பதினொரு விநாடி

டேப்பில் நான்கு பாட்டுகள்.
மூன்று என்றுதான் லேபலில் எழுதினோம்.
நான்காவதற்குப் பேர் வைக்க முதல்
ராய்மோவின் அப்பா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

சட்பரி. எண்பத்தெட்டு, மாசி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அவர்கள் வீட்டுச் சவுனாவுக்குள் என் டிரம்ஸை இறக்கினோம்,
கல்லடுப்பை மூடி அதன் மேல் ஒரு மைக்.
வெக்கையை விடாத பலகைச் சுவர்
சத்தத்தையும் விடாது என்றான் ராய்மோ.
நாலு வீடு தள்ளி நாய்கள் எழும்பின.

டபுள் பெடல் வாங்கக் காசில்லை.
இரண்டு காலின் வேலையை வலது கால் செய்தது,
சீனக் கடையில் எட்டு மணிநேரம்
பாத்திரம் கழுவ நின்றுவிட்டு வந்த கால்.
ரெஜான் பாடவில்லை,
தொண்டைக்குள் லொறி ஒன்றை ரிவேர்ஸ் எடுத்தான்.
வரிகள் நிக்கல் சுரங்கத்தைப் பற்றியவை என்று நினைக்கிறோம்.
பிறகு அவனுக்கே தெரியவில்லை.

உலைக்காரர் மேட்டில் கசடு கொட்டும் நேரம்
யன்னல் செம்மஞ்சளாகும்.
அதைப் பார்த்துத்தான் ஸ்லாக்ஃபால் என்று பேர் வைத்தோம்,
அதைப் பார்த்துத்தான்
ஒவ்வொரு பாட்டையும் இன்னும் வேகமாக அடித்தோம்.

வெறும் கசெட் முடிந்துபோனது. கடை பூட்டு.
என் ஜாக்கெட் பையில் ஒன்று கிடந்தது:
கோண்டாவிலில் இருந்து சறோ அக்கா
பேசி அனுப்பிய கடிதம்.
ஏ பக்கம் கேட்டிருந்தேன்.
பி பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு.
மூலையில் உடைத்திருந்த துளைக்கு
செலோடேப் ஒட்டிக் கொடுத்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
நான்தான் கொடுத்தேன்.

இரண்டாம் பாட்டுக்குப் பிறகு
ராய்மோவின் தந்தி அறுந்தது.
டேப்பை நிறுத்தி, ஒரு கை அளவுக்கு ஓடவிட்டு,
மூன்றாவதைத் தொடங்கினோம்.
அந்த இடைவெளியில் அழியாமல் கிடக்கிறது
பதினொரு விநாடி.

"...சீலன்ரை சப்பாத்து அளவில்லையடா.
எட்டெண்டு சொன்னனான்,
ஆறு அனுப்பியிருக்கிறாய்.
மற்றது, உனக்கு ஒண்டு சொல்லவேணும், அது..."

அதன் மேல் கிட்டார்.

நாற்பது பிரதி எடுத்தோம், ஒன்று இரண்டு டொலர்.
விற்றது பதினேழு.
மிச்சம் டக்கின் பழைய காரின் டிக்கியோடு போனது.

இப்போது ரொஸ்டொக்கில் ஒரு சின்ன லேபல்
அதை வினைலில் போடப்போகிறதாம்.
உடன்படிக்கையோடு ஒரு கேள்வி:
மூன்றாம் பாட்டுக்கு முன்னால் வரும் சாபம் என்ன மொழி?
தலைகீழாக ஓட்டிய லத்தீன் என்கிறார்கள் சிலர்.
அந்தச் சூனியக்காரி யார்?

சூனியக்காரி பிரம்டனில் இருக்கிறா.
முழங்காலுக்கு ஊசி போட்டுவிட்டு
கதிரையில் காலை நீட்டிக்கொண்டு.
ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.
"ஆரடா உது, மாடு மாதிரிக் கத்துறது?"
"ரெஜான்."
"பாவம்."
தன்ரை குரல் வந்ததும் கையைத் தூக்கினா.
"அந்தச் சப்பாத்தோ? பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் குடுத்தனாங்கள்.
அவனுக்கு நல்ல அளவு."
"அதுக்குப் பிறகு என்ன சொன்னனீங்கள்?"
"முப்பத்தாறு வருஷம். ஆருக்குத் தெரியும்."
திரும்பப் போடச் சொன்னா.
பிறகும் திரும்ப.
மூன்றாம் முறை "அது" என்ற இடத்தில்
அக்காவின் வாய் திறந்தது,
கிட்டார் வந்தது,
மூடிக்கொண்டா.

குசினி மேசையில் இருந்தபடியே லேபலுக்கு எழுதினேன்:
பாட்டு வரிகள் எங்களிடம் இல்லை.
கையில் இருப்பது இவ்வளவுதான், அச்சிடுங்கள்.
கேட்டது எட்டு. வந்தது ஆறு.
இரைச்சலைத் துப்புரவாக்கட்டுமா என்றார்கள்.
எதை என்று நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றேன்.

வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டும்போது
கதிரையில் இருந்து அக்காவின் குரல்:
"டிரம்ஸ் ஆர் அடிச்சது?"
"நான்."
"கொஞ்சம் ஆறுதலா அடிச்சிருக்கலாம்."